சம்பளம் என்ற கட்டம்

ஃபுஜைராவில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
என் தாளைத் திருப்பித் தள்ளினார்.
ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேனாம்.
விடவில்லை, பூஜ்யம் போட்டிருக்கிறேன் என்றேன்.
பேனா நுனியால் அந்தப் பூஜ்யத்தைத் தொட்டுப் பார்த்தார்,
காயாத பெயின்டைத் தொடுவதுபோல.
பிறகு மேலாளரைத் தேடி எழுந்து போனார்.

எனக்குப் பின்னால் சாரம் கட்ட வந்த ஆறு பேர்.
ஏஜென்டுக்குக் கொடுத்த கடனை
கைப்பேசியில் மாதம் மாதமாக வகுத்துக்கொண்டிருந்தவர்கள்
எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் கேட்டார், 'சாப்பாடாவது உண்டா சிஸ்டர்?'

சிஸ்டர் இல்லை நான்.
தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில்
பில் போட்டுக்கொண்டிருந்த செலஸ்டினா மொத்தா.
சாப்பாடு உண்டு. அறையும் உண்டு,
ஜன்னலைத் திறந்தால் ஏசி இயந்திரங்களின் முதுகு.

'எல்லாரும் கல்ஃபுக்குப் போய் அனுப்புவாங்க.
நீ போறதுக்கு நாங்க அனுப்பணுமா?'
அண்ணன் கேட்டதற்கு
விமானத்தில்தான் பதில் தோன்றியது.
அதுவும் சுமாரான பதில்.

மூன்றாம் நாள் காலையில் லாஞ்சில் ஏற்றினார்கள்.
மடியில் சிம் கார்டுகள், ஒரு பை எலுமிச்சை,
பாராசிட்டமால், நான்கு மொழிகளில் படிவம்.
பின்னால் மலை, துருவின் நிறத்தில்.
முன்னால் துரு, மலையின் அளவில்.

கப்பலின் பெயரை வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள்.
வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில்
பழைய எழுத்துகள் மட்டும் புடைத்துத் தெரிந்தன.
முதலாளி தொலைபேசியை எடுப்பதில்லை.
ஒன்பது பேர், பதினோரு மாதம்.
ஏணியை இறக்கிய இருவரில் ஒருவர்
காரைக்கால் அபூதாகிர், ஆயிலர்.
தமிழ்க்குரல் கேட்டதும் முகம் மலரும் என்று
வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.
படிவம் எத்தனை பக்கம் என்று கேட்டார்.

எழுதினோம்.
தண்ணீர்: படகு வந்தால்.
டீசல்: ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு.
நோய்: சமையல்காரர் மொமினுக்குப் பல்வலி, வலதுபக்கம், கீழே.
கடைசியாகச் சம்பளம் வாங்கிய தேதி:
அபூதாகிர் சிரித்தார்.
மொமின் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

பேனாவை மூடும்போது கேட்டார்,
'உங்களுக்கு எவ்ளோ குடுக்கிறாங்க?'
ஒண்ணும் இல்லை.
'அட. எனக்கும் ஒண்ணும் இல்லை.'

ஒரு நொடி, நாங்கள் இருவரும்
ஒரே தராசுத் தட்டில் நிற்பதுபோல் இருந்தது.
அந்த நொடி எனக்குப் பிடித்திருந்தது.
அதுதான் தப்பு.
என் பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில்.
திரும்பிப் போகும் டிக்கெட்டில் தேதிகூட உண்டு.
அவருடைய பாஸ்போர்ட் இரும்புப் பெட்டிக்குள்.
பெட்டியின் சாவி கேப்டனிடம்.
கேப்டன், ஜூலையில் இதே ஏணியில் இறங்கிப் போனவர்.

அதையெல்லாம் அவர் எனக்கு எதிராக எடுத்து வைக்கவில்லை.
எலுமிச்சையை முகர்ந்து பார்த்துவிட்டு,
'நகவெட்டி இருக்கா?' என்றார்.
கப்பலில் இருந்தது ஒன்றே ஒன்று.
உப்பேறி இறுகிவிட்டதாம்.
உளி, கத்தி, சிமென்ட் தரை எல்லாம் பார்த்தாயிற்றாம்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினார்,
கணக்குச் சொல்வதுபோல.

பையைக் கவிழ்த்துத் தேடினேன்.
மூன்று மதங்களின் பிரார்த்தனைப் புத்தகங்கள்,
பின்னிய குல்லாய்கள், இந்த வெயிலுக்கு,
யாரோ எந்தக் குளிர்நாட்டிலிருந்தோ அனுப்பியவை.
நகவெட்டி இல்லை.

சாயங்காலம், மீன் மார்க்கெட்டை ஒட்டிய கடையில்
ஒன்பது கேட்டேன்.
கடைக்காரர் அட்டையோடு பன்னிரண்டாகத்தான் தருவேன் என்றார்.
சரி என்றேன்.
'வியாபாரத்துக்கா?'
இல்லை.
'பின்னே?'
பில் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றேன், பழக்கத்தில்.

அறைக்கு வந்து காலண்டரில்
மூன்று நாளை அடிப்பதற்காகப் பென்சிலை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
என் நகங்களும் வளர்ந்துதான் இருந்தன.

காற்று இல்லையென்றால்
வியாழக்கிழமை லாஞ்ச் போகும்.